கூடுவாஞ்சேரியில் ஒன்பது சதுரங்கள்

நான் வேலை பார்த்த வாரப் பத்திரிகை ஒரு சிறப்பு மலர் போடுகிறது. அதற்காக இப்போது அங்கே நிருபராக இருக்கும் ஓர் இளம்பெண் என்னைத் தேடி வந்தாள். "உங்க சர்வீஸ்ல மறக்கவே முடியாத ஸ்டோரி எது மேடம்?" என்று கேட்டாள். வெள்ளம், ரயில் மறியல், மந்திரி பேட்டி என்று ஏதாவது வரும் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். நான் கூடுவாஞ்சேரியில் இருந்த ஒரு சுவரைச் சொன்னேன்.

"சுவர் இடிஞ்சு விழுந்துதா மேடம்?"

"இல்லை."

"யாருக்காவது அடி..."

"யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை."

அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது என்று எழுத எனக்கு அனுமதி இல்லை. அவள் பேனாவை மூடினாள் என்று மட்டும்தான் எழுதலாம். அனுமதி மறுத்தவர் காலமாகி வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் கை இன்னும் அவருக்குத்தான் கட்டுப்படுகிறது. ஆகவே அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

எண்பதுகளில் எங்கள் அலுவலகம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது. வடக்கே பல்லாவரம், தெற்கே கூடுவாஞ்சேரி. இதற்குள் நடப்பது எங்களுக்குச் செய்தி. மீனம்பாக்கம் தாண்டினால் வெளிநாடு. நான் பிழை திருத்துபவளாகச் சேர்ந்தேன். இருந்த ஒரே நிருபர் துபாய்க்குப் போனார். அடுத்த வாரம் நான் நிருபர். என் பயிற்சிக்காலம் என்று சொல்லிக்கொள்ள இவ்வளவுதான் இருக்கிறது.

ஆசிரியர் மாசிலாமணி சார் குரலை உயர்த்தியதே இல்லை. நாங்கள் எழுதிக்கொடுப்பதை வாய்விட்டுப் படிப்பார், ரயில் நிலைய அறிவிப்பைப் போல, ஏற்ற இறக்கம் இல்லாமல். கையில் சிவப்புப் பென்சில். ஒரு சொல்லுக்கு மேல் பென்சில் நின்றால் அடுத்து என்ன வரும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"இதை எங்க பார்த்தீங்க?"

ஒரு தேர்த் திருவிழாச் செய்தியில் பக்தர்கள் பரவசத்துடன் வடம் பிடித்தனர் என்று எழுதியிருந்தேன்.

"பரவசத்தை எங்க பார்த்தீங்க ஸ்டெல்லா?"

"முகத்துல சார்."

"முகத்துல என்ன இருந்தது?"

யோசித்துப் பார்த்தேன். "வேர்வை சார்."

"அதைப் போடுங்க."

'பக்தர்கள் வேர்வையுடன் வடம் பிடித்தனர்' என்று செய்தி வந்தது. விழாக் குழுவினர் நான்கு பேர் மாடிப்படி ஏறி வந்தார்கள். கோபமாகத்தான் வந்தார்கள். ஆனால் அதில் எது தப்பு என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. மோர் குடித்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

இன்னொரு முறை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பற்றி எழுதினேன். கடற்கரை கிராமத்துப் பெண்கள் கூடையில் கொண்டுவந்து விற்கும் மீனை 'புத்தம் புதிய மீன்' என்று எழுதிவிட்டேன். பென்சில் நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பப் போய், மீன் விற்ற ஓர் அம்மாவிடம், "இது எப்பப் புடிச்ச மீனும்மா?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா, கெவுருமெண்டு ஆளா நீ? வாங்க வந்தவ செவுளத் தூக்கிப் பாத்துட்டு கம்முனு வாங்கிகினு போவா. நீ இன்னா பொறந்த தேதி கேக்குற?"

"நான் பேப்பர்லேர்ந்து வரேன்."

"அதான பாத்தேன். உனக்கு இன்னா தெரியும்!"

செவுளைத் தூக்கிப் பார்த்தேன். 'செவுள் சிவந்திருந்த மீன்' என்று திருத்திக் கொடுத்தேன். பென்சில் நிற்காமல் அடுத்த வரிக்குப் போனது. அவரிடம் பாராட்டு என்பது அதுதான்.

எங்கள் பத்திரிகையின் உயிர் செய்தியில் இல்லை, மனை விளம்பரங்களில் இருந்தது. தெற்கே போகும் பெருஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் தாண்டியதும் வயல்களில் எல்லாம் வெள்ளையடித்த கற்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரம் ஸ்டேஷன் வாசலிலிருந்து வேன்கள் கிளம்பும். இலவசமாகக் கூட்டிப்போய், மனையைக் காட்டி, தயிர்சாதப் பொட்டலம் கொடுத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். தெருவுக்குத் தெரு, சுவருக்குச் சுவர் லே-அவுட் படம். அதைப் படிக்க யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வரிசையாகக் கட்டம் இருக்கும். விற்ற மனைக்குக் கலர் அடித்திருக்கும், விற்காதது வெள்ளையாக இருக்கும். வட்டம் என்றால் கிணறு அல்லது தண்ணீர்த் தொட்டி. கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் முக்கோணமாக ஒரு துண்டு மிஞ்சும். எதற்கும் உதவாத அந்தத் துண்டுக்குப் பெயர் பூங்கா.

எண்பதுகளின் கடைசியில், கூடுவாஞ்சேரியில் புதுமலர் நகர் என்ற காலனிக்காரர்கள் ஒரு சமுதாயக் கூடம் கட்டினார்கள். சங்கத் தலைவர் சுந்தரேசன், அரசுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு முறை டில்லிக்குப் போனபோது பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றின் சுவரில் ஏதோ நவீன ஓவியம் பார்த்திருக்கிறார். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். கூடத்தின் பக்கவாட்டுச் சுவர் ரோட்டைப் பார்த்தது. அதில் வரைய அமுதா என்ற பெண்ணைப் பிடித்தார்.

அமுதா பல்லாவரத்துப் பெண். அப்பாவுக்குத் தோல் தொழிற்சாலையில் வேலை. நகரத்தில் ஓவியம் படித்துவிட்டு குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தாள். பள்ளியில் மாம்பழம், பானை, இரண்டு மலைக்கு நடுவே சூரியன். வீட்டில் சதுரம், முக்கோணம், வட்டம். அவள் படங்கள் கூட்டாக நடக்கும் கண்காட்சிகளில் ஓரமாக இரண்டொரு முறை மாட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் அவள் மனதில் இருந்ததெல்லாம் ரோட்டோரத்துச் சுவர்.

"படிச்சு முடிச்சதுலேர்ந்து செவுரு கேட்டுகினே இருக்கேன்கா. எலெக்‌ஷன் சின்னத்துக்கு எடம் குடுக்கறாங்க, மூட்டுவலித் தைலத்துக்குக் குடுக்கறாங்க, 'நோட்டீஸ் ஒட்டாதீர்'னு எழுதறதுக்குக் குடுக்கறாங்க. எனக்கு மட்டும் குடுக்க மாட்டேங்கறாங்க."

நான் பார்க்கப் போனபோது வேலை முடிந்து சாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காலனி வாட்ச்மேன் என்னிடம் முறையிட்டார். "மேடம், லீவு நாள்லாம் வந்து இந்தப் பொண்ணு கோடு போட்டுகினே கீது. கட்டம் வந்துச்சு, சரி, வூடு வரும்னு பாத்தேன். மரம் வரும்னு பாத்தேன். ஒரு மாடாச்சும் வரும்னு பாத்தேன். கடசில ஏணிய எடுத்துட்டாங்க!"

சுவரில் மூன்று வரிசையாக ஒன்பது சதுரங்கள். ஆறில் வண்ணம், மூன்று வெள்ளை. கீழே இடது ஓரம் தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணம். மேலே வலது பக்கம் ஒரு நீல வட்டம். நான் நோட்டைத் திறந்தேன்.

"இது என்னம்மா?"

"சதுரம்க்கா."

"அது தெரியுது. எதைக் குறிக்குது?"

"சதுரத்தைத்தான்."

"முக்கோணம்?"

இதற்கு அவள் கொஞ்சம் யோசித்தாள். "அது இல்லன்னா எல்லாம் அந்தப் பக்கம் சாஞ்சிடும்க்கா. இப்படி வாங்க. கட்டை விரலை நீட்டி முக்கோணத்தை மட்டும் மறைச்சுப் பாருங்க."

ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, ஒரு கண்ணை மூடி, விரலால் மறைத்தேன். ஒன்பது சதுரங்களும் வட்டத்தின் பக்கம் சரிந்தன. விரலை எடுத்தேன். நிமிர்ந்தன. மறுபடி மறைத்தேன். நான் அப்படிச் செய்துகொண்டிருந்தபோது இரண்டு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. இறங்கி நடுரோட்டுக்கு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அலுவலகத்துக்கு வந்ததும் சிக்கல் ஆரம்பித்தது. ஓவியம் பற்றி எழுதுகிறவர்கள் எப்படி எழுதுவார்கள் என்று நகரத்துக் கண்காட்சிச் சிற்றேடு ஒன்றைப் பார்த்துக்கொண்டு, 'நவீன மனிதனின் வாழ்க்கைச் சிக்கல்களைச் சித்திரிக்கும்' என்று தொடங்கினேன். மாசிலாமணி சார் படித்தார்.

"வாழ்க்கைச் சிக்கலை எங்க பார்த்தீங்க?"

"பார்க்கல சார்."

"என்ன பார்த்தீங்க?"

"சுவர் சாஞ்சுது சார். அப்புறம் நிமிர்ந்துது."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "சாஞ்சுதா? காலனிக்காரங்களுக்குச் சொன்னீங்களா?"

"நிஜமா சாயல சார். விரலால முக்கோணத்தை மறைச்சா..."

"விரல் செய்தி கிடையாது ஸ்டெல்லா. சுவத்துல இருக்கறதைச் சொல்லுங்க. ஒண்ணு விடாம."

சொன்னேன். அவரே எழுதினார். அந்தச் செய்தி எனக்கு இன்றும் மனப்பாடம்.

'கூடுவாஞ்சேரி புதுமலர் நகரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, கிழக்குப் பார்த்து, ஒன்பது சதுரங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அனைத்தும் சம அளவு. ஆறில் வண்ணம் இடப்பட்டுவிட்டது. மூன்று மட்டும் வெள்ளையாக உள்ளன. ஓரத்தில் முக்கோணம் ஒன்றும், மேற்புறம் வட்டம் ஒன்றும் உண்டு. பஸ் நிறுத்தம் எதிரில். நேரில் பார்க்கலாம்.'

தலைப்பு: 'கூடுவாஞ்சேரியில் ஒன்பது சதுரங்கள்.'

ஒரு சொல்லுக்குக்கூட 'எங்க பார்த்தீங்க' என்று யாரும் கேட்க முடியாது. படத்தை அச்சடிக்க வேண்டிய பிளாக் தயாராகவில்லை, அதனால் படம் இல்லை. அச்சுக்கூடத்து ஃபோர்மேன் பெருமாள், மூன்றாம் பக்கத்தில் இரண்டு மனை விளம்பரங்களுக்கு நடுவே இருந்த இடத்தில் அதைக் கச்சிதமாகப் பொருத்தினார். இடம் சரியாக நிரம்பியதில் அவருக்கு சந்தோஷம். இரண்டு முறை சொன்னார், அதனால் இதை எழுதலாம்.

பத்திரிகை சனிக்கிழமை வெளிவந்தது. திங்கட்கிழமை காலை சுந்தரேசன் போன் செய்தார்.

"ஸ்டெல்லா மேடம், நீங்க என்ன எழுதினீங்க?"

"சுவத்துல இருக்கறதைத்தான் சார்."

"நேத்து காலைலேர்ந்து ஜனங்க வந்து வெள்ளைக் கட்டத்துக்கு அட்வான்ஸ் வாங்கிக்கச் சொல்றாங்க!"

அடுத்த ஞாயிறு நானே போனேன். போகும்போதே சுவருக்கு முன்னால் கூட்டம் தெரிந்தது. வேறு மனைகளுக்குப் போகும் வேன்கள்கூட அங்கே நின்று ஆட்களை இறக்கின. குரோம்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு கணவனும் மனைவியும் சுவரின் முன் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நடுவுல இருக்கறது வேணாங்க. நாலு பக்கமும் வீடு வந்துட்டா காத்தே வராது."

"கார்னர்ல வாங்கினா தெருக்குத்து வரும்டி."

"கீழ இருக்கற வெள்ளை?"

"அது பார்க்குக்குப் பக்கத்துல. பசங்க பந்து அடிச்சு ஜன்னலை உடைப்பானுங்க."

"அந்தப் பார்க் ஏன் சிவப்பா இருக்கு?"

"செம்மண்ணு."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு புரோக்கருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அவருக்கும் அந்தச் சுவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் ஒருவர் "அப்ரூவ்டா சார்?" என்று கேட்டதும், "பஞ்சாயத்து அப்ரூவ்டு, கிளியர் டைட்டில்," என்றார். சுந்தரேசன் பனியனோடு ஓடி வந்தார்.

"இது பிளாட் இல்ல சார்! இது ஆர்ட்! மாடர்ன் ஆர்ட்!"

"வித்துப்போச்சுன்னா வித்துப்போச்சுன்னு சொல்லுங்க சார்," என்றார் ஒரு பெரியவர். "அதுக்கு ஏன் இங்கிலீஷ்ல கோச்சுக்கறீங்க?"

அமுதாவும் வந்திருந்தாள். எதிரே டீக்கடைப் பந்தலுக்கு அடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன். "எவ்ளோ நேரம் பாக்கறாங்க, பாத்தீங்களா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இதைப் பாக்கலக்கா," என்றாள்.

அந்த வாரமே சங்கம் அவசரப் பொதுக்குழுவைக் கூட்டியது. கூடத்தின் திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. அதற்குள் சுவருக்கு வெள்ளையடித்துவிடுவதா வேண்டாமா என்பதுதான் தீர்மானம். நான் நிருபராகப் போய் உட்கார்ந்தேன், ஆனால் பாதிப் பேர் என்னைப் பார்த்தபடி பேசினார்கள். அமுதா கடைசி வரிசையில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் எழுந்தவர் நாராயணன் என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

"தலைகீழா சிவப்பு முக்கோணம்னா என்னன்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். குடும்பக் கட்டுப்பாடு! இந்த ஹால்ல கல்யாணம் நடக்கும். பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ள நுழையும்போதே 'போதும்'னு சொல்ற மாதிரி இருக்கா இல்லையா?"

சிரிப்பு அடங்கியதும் பத்மா என்ற பெண்மணி எழுந்தார். "சார் சொல்றது தப்பு. எனக்கு அதைப் பார்த்த அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. ஒம்பது கட்டம், நவக்கிரகம். நீல வட்டம் சனி. அவரைக் கொண்டுபோய் எல்லாருக்கும் மேல வச்சா காலனி எப்படி உருப்படும்?"

"ஏங்க, சனி கட்டத்துக்குள்ளதானே இருக்கணும்? வெளிய வந்துட்டாருன்னா நல்லதுதானே?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"நவக்கிரகமும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்று எழுந்தார் சாமுவேல் என்ற வங்கி ஊழியர். "அது நம்ம காலனி. ஆறு கலர், தண்ணி ஒழுங்கா வர்ற ஆறு தெரு. மூணு வெள்ளை, தண்ணி வராத எங்க மூணு தெரு. வட்டம்தான் ஓவர்ஹெட் டேங்க். அந்தப் பொண்ணாவது எங்க கஷ்டத்தைச் சுவத்துல எழுதிச்சே, சங்கத்துக்குத்தான் கண்ணு தெரியல."

இந்த இடத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. தண்ணீர் வராத மூன்று தெருக்காரர்கள் சுவர் இருக்க வேண்டும் என்றார்கள். பத்மா, சாமுவேல் சொல்வது தவறு என்று நிரூபிக்க வெளியே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். நாராயணன் பின்னாலேயே போனார். பிறகு ஆளுக்கு ஆள் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசினார்கள். சுந்தரேசன் மைக்கைத் தட்டி, "அவங்களையே கேட்டுடலாம்," என்றார்.

அமுதா எழுந்து நின்றாள்.

"அர்த்தம் இருந்தா நானே சொல்லிடுவேன் சார். நான் எதையும் மறைக்கல."

"அப்ப அர்த்தம் இல்லையா?" என்றார் நாராயணன்.

"இருக்கு சார். வாய்விட்டுச் சொல்ற மாதிரி இல்ல."

"வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் பொம்பளைங்க போற வர்ற ரோட்ல வைக்கலாமா?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் சுந்தரேசன், பொறியாளருக்கே உரிய முறையில், இரு தரப்புக்கும் நடுவே கோடு கிழித்தார். சுவர் இருக்கலாம். ஆனால் திறப்பு விழாவுக்குள் அதன் கீழே ஒரே வரியில் விளக்கம் எழுதிப் பலகை வைக்க வேண்டும், மனை கேட்டு ஆட்கள் வருவது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளை. விளக்கத்தை எழுதித் தருவது, குழப்பத்தைக் கிளப்பிய பத்திரிகையின் பொறுப்பு. எல்லோரும் கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் அமுதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்க்கா. 'அமைதி', 'ஒற்றுமை' அப்படின்னு ஏதாவது எழுதிட்டீங்கன்னா எல்லாரும் அந்த வரியப் படிச்சுட்டுப் போயிடுவாங்க. செவுரைப் பாக்க மாட்டாங்க. அதுக்கு நானே சுண்ணாம்பு அடிச்சிடறேன்."

"அடிச்சிடுவியா?"

அவள் சுவரைப் பார்த்தாள். "அடிக்க மாட்டேன்க்கா. இது போயிடுச்சுன்னா, நான் இன்னா பண்றேன்னு ஒருத்தர்கிட்ட காட்ட எனக்கு வேற எதுவும் இல்ல."

சங்கத்துக்கு ஒரு வரி வேண்டும். அமுதாவுக்கு அந்த வரி கூடாது. நான் வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். 'வடிவங்களின் சமநிலை' என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு நானே சுவரைப் பார்க்காமல் போய்விடுவேன் என்று தோன்றியது. அடித்தேன். 'பார்ப்பவர் கண்ணில் உள்ளது பொருள்' என்று எழுதினேன். மாசிலாமணி சார், "கண்ணுல எங்க பார்த்தீங்க?" என்று கேட்பது காதில் விழுந்தது. அதையும் அடித்தேன்.

மறுநாள் ஒன்றும் இல்லாமல் அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். அவர் வேறு ஒரு வேலையில் இருந்தார். எங்கள் செய்தியால் ஊர் குழம்பியதால், வரும் இதழில் திருத்தம் போட வேண்டும். திருத்தம் எழுதுவதை அவர் யாரிடமும் விட்டதில்லை. அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். வருந்துகிறோம் என்று இருக்காது, வருந்தியதை யாரும் பார்க்கவில்லை என்பதால். விளக்கம் இருக்காது, விளக்கம் இன்னொரு திருத்தத்துக்கு வழி செய்யும் என்பதால். ஒரே வாக்கியம். அதை நாள் முழுக்க இழைப்பார்.

'முந்தைய இதழ் ஒன்றில் குறிப்பிடப்பட்ட புதுமலர் நகர்ச் சுவரில் இருப்பது மனை வரைபடம் அல்ல, ஓவியம்' என்று எழுதியிருந்தார். படித்தார். பென்சில் 'ஓவியம்' என்ற சொல்லின் மேல் நின்றது. அவருடைய சொல்லின் மேல் அவருடைய பென்சிலே நின்று அன்றுதான் பார்த்தேன்.

"என்ன சார்?"

"இது ஓவியம்ங்கறது கருத்து. நாராயணன்னு ஒருத்தர் போன் பண்ணி இல்லைங்கறார். நமக்கு நிச்சயமா என்ன தெரியும்?"

"மனை வரைபடம் இல்லைன்னு தெரியும் சார்."

"அதுல யாருக்காவது தகராறு இருக்கா? அந்தப் பொண்ணுக்கு?"

"இல்ல சார்."

"சங்கத்துக்கு?"

"இல்ல."

"அப்ப அவ்வளவுதான்." கடைசிச் சொல்லை அடித்தார். 'மனை வரைபடம் அல்ல' என்பதோடு வாக்கியம் நின்றது. காகிதத்தை ஃபோர்மேனிடம் நீட்டப் போனவரிடமிருந்து அதை வாங்கி இரண்டு பிரதி எடுத்துக்கொண்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

பலகைக்கு ஏற்றபடி சுருக்கி, முதலில் அமுதாவிடம் காட்டினேன். 'இது மனை வரைபடம் அல்ல.' படித்தாள், மறுபடி படித்தாள், பள்ளிக்கூட வராந்தா என்பதையும் மறந்து உரக்கச் சிரித்தாள். வகுப்பிலிருந்து இரண்டு டீச்சர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பொய் இல்லக்கா. ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. வையுங்க."

சங்கத்தில் இது எடுபடுமா என்றுதான் எனக்குச் சந்தேகம். எடுபட்டது. சுந்தரேசனுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் திரும்பினால் போதும். நாராயணன் வரியை உற்றுப் பார்த்துவிட்டு, "குடும்பக் கட்டுப்பாடு இல்லைன்னு போடலையே. அதுவரைக்கும் நேர்மைதான்," என்றார். பத்மாவும் அதையே சொன்னார், நவக்கிரகத்தைப் பற்றி. சாமுவேல், தண்ணீர் வரும்வரை சுவர் இருக்கட்டும் என்றார். தண்ணீர் வர அதன்பிறகு பல வருஷம் ஆனது. அது வந்தபோது வெள்ளையடிக்க வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. சதுரங்கள் வெளுத்தபோது சங்கமே அமுதாவைக் கூப்பிட்டு மறுபடி வண்ணம் பூசச் சொன்னது.

பலகையை மாட்டிய பிறகு வந்த ஞாயிறன்று நானும் அமுதாவும் டீக்கடைப் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். வேன் ஒன்று நின்றது. ஆட்கள் இறங்கி நேரே பலகையிடம் போனார்கள், படித்தார்கள். "அட, இல்லியாம்ப்பா," என்று ஒருவர் சொன்னதும் திரும்பி ஏறிக்கொண்டார்கள். அமுதா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

ஒருவர் மட்டும் ஏறவில்லை. வெள்ளைச் சட்டை, ஒரு கையில் தயிர்சாதப் பொட்டலம். பலகையை இன்னொரு தடவை படித்தார். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

"அண்ணே, ஏறுண்ணே! ஊரப்பாக்கத்துல ஒரு சைட்டு காட்டணும்!" என்றார் டிரைவர்.

"இருப்பா. இது பிளாட்டு இல்லியாம்."

"அதான் படிச்சியே. வா."

"அப்ப இன்னா இது?"

"எவனுக்குத் தெரியும்!"

டிரைவர் ஹாரனை அழுத்தினார். அந்த மனிதர் இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து பார்த்தார். பிறகு பின்னாலேயே நடந்து ரோட்டின் ஓரம் வரைக்கும் வந்து பார்த்தார். வேன் சிறிது தூரம் போய் மறுபடி நின்று ஹாரன் அடித்தது. அவர் திரும்பவில்லை. பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

அமுதா என் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். "அக்கா, அவருக்கு இன்னா தோணுதுக்கா?"

"அது தெரியாதும்மா," என்றேன். "பார்க்கிறார். அதை எழுதலாம்."